வரலாற்று பிஎச்டி விண்ணப்பம் போட்டாச்சு: முடிவு வரும்வரை என்ன செய்வது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வரலாற்றுத் துறையில் பிஎச்டி விண்ணப்பம் அனுப்பியவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாட்கள் நகரவே நகராது. எஸ்ஓபி என்ற நோக்க அறிக்கை எழுதுவது, ரைட்டிங் சாம்பிள் என்று கேட்கும் இருபது இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரையைத் திருத்துவது, மூன்று பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு நினைவூட்டுவது என்று டிசம்பர் வரை கைக்கு வேலை இருந்தது. சப்மிட் கொடுத்த பிறகு கைக்கு வேலை இல்லை. மனசுக்கு மட்டும் ஓயாத வேலை.

முதல் முறை விண்ணப்பிக்கிறவர்களுக்காக, அதிலும் வீட்டில் இதற்கு முன் யாரும் இந்தப் பக்கம் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையிலிருந்து விண்ணப்பித்து, இந்தக் காத்திருப்பைக் கடந்து வந்தவள் நான். என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள், தேதியைப் பாருங்கள். பயத்தில் பாதி, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது.

1. அந்தப் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான வரலாற்றுத் துறைகளின் கடைசித் தேதி டிசம்பர் 1-க்கும் 15-க்கும் இடையில் வரும். அதோடு செமஸ்டர் முடிந்து, விடைத்தாள் திருத்தி, பேராசிரியர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். உங்கள் விண்ணப்பத்தை ஒழுங்காக உட்கார்ந்து படிப்பது பெரும்பாலும் ஜனவரியில்தான். ஆகவே டிசம்பர் கடைசியில் மெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பதில் பயனே இல்லை. அந்த இரண்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஜனவரியில் துறையின் அட்மிஷன் கமிட்டி கூடும். சில பேராசிரியர்கள் விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்து ஒரு குறும்பட்டியல் போடுவார்கள். அதை அந்தந்தப் பிரிவுப் பேராசிரியர்களிடம் காட்டுவார்கள்: தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா, தொடக்க நவீன ஐரோப்பா, அமெரிக்க வரலாறு என்று. இந்த இடத்தில்தான் பல நல்ல விண்ணப்பங்கள் நிற்கின்றன. காரணம் தரம் மட்டும் அல்ல. நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியர் அடுத்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போகலாம். அவரிடம் ஏற்கெனவே ஐந்து மாணவர்கள் இருக்கலாம். போன ஆண்டு தெற்காசியாவுக்கு இரண்டு பேரை எடுத்துவிட்டதால் இந்த ஆண்டு ஆப்பிரிக்க வரலாற்றுக்கு இடம் கொடுக்கலாம் என்று துறை முடிவு செய்யலாம். பெரிய துறைகளிலேயே ஒரு ஆண்டுக்குச் சேர்வது பத்து இருபது பேர்தான். அதில் ஒரு பிரிவுக்கு ஒன்றோ இரண்டோ இடம், சில ஆண்டு ஒன்றுமே இல்லை.

துறை தேர்ந்தெடுத்த பிறகும் வேலை முடியாது. பட்டியல், பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புகளை நிர்வகிக்கும் கிராஜுவேட் ஸ்கூலுக்குப் போகும். பணம் ஒதுக்க அங்கே ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதன் பிறகே முறையான கடிதம் வரும். ஜனவரி கடைசியில் முதல் முடிவுகள் வர ஆரம்பித்து, பிப்ரவரியில் குவிந்து, மார்ச் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருக்கும்.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது, நம் கையிலும் இல்லை, துறையின் கையிலும் இல்லை. கொரோனா காலத்தில், 2021-இல் சேரவேண்டிய மாணவர்களுக்கான அட்மிஷனையே பல ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறைகள் நிறுத்தி வைத்தன. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் வரலாறு உள்பட ஒரு டஜன் பிஎச்டி படிப்புகளுக்கு அடுத்த ஆண்டு ஆள் எடுப்பதில்லை என்று அறிவித்தது. 2025-இல் ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் பிஎச்டி இடங்களைப் பெரிய அளவில் குறைத்தது. இப்படிப்பட்ட ஆண்டில் விண்ணப்பித்தவர்களின் எழுத்து திடீரென்று மோசமாகிவிடவில்லை. இடம்தான் சுருங்கியது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்குச் சொல்கிறேன்.

2. ஒரு தாளில் உங்கள் காலண்டரைப் போடுங்கள்

விண்ணப்பித்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரி. துறையின் இணையப் பக்கத்தில் முடிவு எப்போது வரும் என்று போட்டிருந்தால் அந்தத் தேதி. நேர்காணல் உண்டா இல்லையா என்பது. துறையில் மேற்படிப்பு அலுவல்களைக் கவனிக்கும் கிராஜுவேட் கோஆர்டினேட்டரின் மின்னஞ்சல். அவ்வளவு போதும். நேர்காணல் விஷயத்தை முன்பே குறித்து வைப்பது முக்கியம். சில துறைகள் ஜனவரி, பிப்ரவரியில் குறும்பட்டியலில் இருப்பவர்களை ஜூமில் பார்க்கின்றன. பல துறைகள் நேர்காணலே வைப்பதில்லை. இது தெரியாமல், "எனக்கு இன்டர்வியூ வரலையே, அப்போ போச்சு" என்று வாரக்கணக்கில் கலங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளின் கடைசியில் ஏப்ரல் 15 என்று பெரிதாக எழுதுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

3. ராத்திரி மெயில் பார்ப்பதை நிறுத்துங்கள்

நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இதுதான் பெரிய வாதை. குளிர்காலத்தில் நியூயார்க்கை விட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கலிபோர்னியாவை விடப் பதின்மூன்றரை மணி நேரம். அங்கே கிழக்குக் கரையில் ஆபீஸ் திறக்கும் காலை 9 மணி நமக்கு மாலை ஏழரை. மேற்குக் கரையில் ஆபீஸ் மூடும் 5 மணி நமக்கு மறுநாள் காலை ஆறரை. அதாவது, அவர்களுடைய வேலை நாள் முழுக்க நமக்கு ராத்திரி. படுக்கையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை என்று பார்த்தால் நான்கு மாதத்தில் உடம்பு கெட்டுவிடும்.

கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். காலை 7 மணிக்கு எழுந்து ஒரே ஒரு முறை பாருங்கள். அப்போது நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு எட்டரை, கலிபோர்னியாவில் மாலை ஐந்தரை. அன்றைக்கு வரவேண்டியது அநேகமாக எல்லாம் வந்திருக்கும். அதற்குப் பிறகு இரவு வரை எதுவும் வராது என்று நம்பி வேறு வேலையைப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை பார்த்தீர்கள் என்றால், அடுத்ததாகச் செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் போதும். ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் தினம், பிப்ரவரி மூன்றாவது திங்கள் பிரசிடென்ட்ஸ் டே. அந்த நாட்களில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும்.

ஜிமெயில் அறிவிப்பை இரவு பத்துக்கு மேல் அணைத்துவிடுங்கள். ஸ்பாம், ப்ரொமோஷன்ஸ் இரண்டையும் காலைப் பார்வையில் சேர்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் முக்கியமான கடிதம் அங்கேதான் கிடக்கும். ராத்திரி ஒரு மணிக்கு வந்த நல்ல செய்தி காலை ஏழு மணிக்கும் அப்படியே இருக்கும்.

4. ஜனவரி, பிப்ரவரியில் செய்யவேண்டிய வேலைகள்

முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் போர்ட்டலிலும் நுழைந்து செக்லிஸ்டைப் பாருங்கள். மூன்று பரிந்துரைக் கடிதமும் வந்துவிட்டதா, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் சேர்ந்ததா, மார்க் ஷீட் தெளிவாக ஏறியிருக்கிறதா. ஏதாவது விடுபட்டிருந்தால் உடனே கோஆர்டினேட்டருக்கு எழுதலாம். இதற்கு எழுதுவதில் தயக்கமே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் அதன் பிறகு போர்ட்டலைத் தினமும் திறக்காதீர்கள். பரிசீலனையில் இருக்கிறது என்ற வரி முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாமல் அப்படியே இருக்கும். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

அடுத்து பாஸ்போர்ட். காலாவதி நெருங்கினால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் சான்று, கேட்பார்கள். நம் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதை வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சலான் கட்ட வேண்டும், விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்து வேண்டும், பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே ஆரம்பித்தால் மே மாதம் அலைய வேண்டாம். இடம் கிடைக்காவிட்டாலும் அடுத்த விண்ணப்பத்துக்கு அது பயன்படும்.

நேர்காணல் வந்தால் அது பெரும்பாலும் இருபது முப்பது நிமிட உரையாடல். உங்கள் ரைட்டிங் சாம்பிளை நீங்களே மறுபடி படியுங்கள். அனுப்பி ஒரு மாதம் ஆன பிறகு நமக்கே பாதி மறந்திருக்கும். எந்த ஆவணக்காப்பகத்தில் என்ன பார்க்கப்போகிறீர்கள், எந்த மொழிகளில் வாசிப்பீர்கள், அந்தத் துறையில் யாரோடு வேலை செய்ய விரும்புகிறீர்கள், ஏன்: இந்த மூன்றுக்கும் மனப்பாடம் இல்லாமல் பதில் சொல்ல வந்தால் போதும். மின்வெட்டு நேரத்தைப் பார்த்து, மொபைல் டேட்டாவைக் கைக்காவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ஆவணங்களோடு இருந்ததுதான். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கோ, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ வாரம் ஒரு நாள் போங்கள். ஊரில் இருப்பவர்கள் நூலகம் (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழத்து இதழ்களைப் புரட்டலாம். விண்ணப்பத்துக்காகப் படிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் "இது எஸ்ஓபிக்கு உதவுமா" என்ற கேள்வியோடு வரும். இப்போது அந்தக் கேள்வி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய் வாரியக் கட்டு ஒன்றை எடுத்து, ஒரு கலெக்டர் ஒரு கிராமத்து மனுவுக்கு என்ன பதில் எழுதினார், அந்தப் பதில் எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று பின்தொடர்ந்து பாருங்கள். மதியம் சாப்பிட மறந்துபோகும். வரலாற்றை எதற்காகப் படிக்க வந்தோம் என்பது அங்கே நினைவுக்கு வரும், அதற்கு யாருடைய அட்மிஷன் கடிதமும் தேவைப்படாது.

5. வீட்டிலும் உறவிலும் ஒரு தேதி சொல்லிவிடுங்கள்

"என்னம்மா, அமெரிக்காவுல என்ன சொன்னாங்க?" என்று கல்யாண வீட்டில் அத்தை கேட்பார். "ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போற?" என்று சித்தப்பா சேர்த்துக் கேட்பார். அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வதில் நமக்குள் ஏதோ தேய்கிறது. ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள்: "ஏப்ரல் பாதி வரைக்கும் தெரியாது அத்தை. வந்ததும் மொத போன் உங்களுக்குத்தான்." தேதி சொன்னால் பெரும்பாலானோர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

அப்பா அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசுங்கள். அமெரிக்காவில் பிஎச்டி என்றால் லட்சக்கணக்கில் கடன் என்று அவர்கள் பயந்துகொண்டிருக்கலாம். நல்ல வரலாற்றுத் துறைகள் பிஎச்டி மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் ஸ்டைபெண்ட் என்ற உதவித்தொகை கொடுத்து, மருத்துவக் காப்பீடும் தருகின்றன, பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு. இதைச் சொன்னதும் வீட்டில் பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதை விண்ணப்பப் பதற்றம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் மனநல உதவி எண் 1926.

6. முடிவு வருகிற நாள்

நல்ல செய்தி இரண்டு வழியில் வரும். ஒன்று, பேராசிரியரோ, டிஜிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும், துறையின் பட்டமேற்படிப்பு இயக்குநரோ நேரடியாக மெயில் எழுதுவார். முறையான கடிதம் சில நாள் கழித்து வரும். இன்னொன்று, "உங்கள் விண்ணப்பத்தின் நிலையில் மாற்றம் உள்ளது, போர்ட்டலில் பாருங்கள்" என்ற ஒற்றை வரி மெயில். அதில் கிடைத்ததா இல்லையா என்று இருக்காது. லாகின் செய்து கடிதத்தைத் திறக்க வேண்டும். அந்த மெயிலை பஸ்ஸிலோ, வகுப்பு நடுவிலோ திறக்காதீர்கள். எங்கே, யாரோடு இருக்கும்போது திறப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால் அன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. பதில் எழுத வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம். பெரும்பாலான துறைகள் காரணம் சொல்வதில்லை. தாளில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரியைப் பாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் பிஎச்டிக்கு இடமில்லை, எம்ஏவுக்கு வாருங்கள் என்று எழுதும். சிகாகோவின் ஓராண்டு சமூக அறிவியல் எம்ஏ இப்படிப் பலருக்கு வரும். அந்தப் படிப்பால் பிறகு நல்ல இடம் போனவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி ஆகாது. மீதிக்குக் கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் என் கருத்து வேண்டாம் என்பதே. பிஎச்டி இடம் உறுதியில்லாத நிலையில் டாலர் கடன் மிகப் பெரிய பாரம்.

7. மார்ச் பாதியைத் தாண்டியும் மௌனம் என்றால்

இப்போது எழுதலாம். பேராசிரியருக்கு அல்ல, கோஆர்டினேட்டருக்கு. நான்கு வரி போதும்: நான் இன்ன ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பித்தவள், விண்ணப்ப எண் இது, என் விண்ணப்பத்தின் நிலை பற்றி ஏதாவது தெரிவிக்க முடியுமா, வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் இருந்தால் இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற தகவல், நன்றி. கெஞ்சலும் வேண்டாம், தற்பெருமையும் வேண்டாம். முதல் சுற்று ஆஃபர் பெற்றவர்கள் பதில் சொல்லும்வரை சிலரைத் துறைகள் சொல்லாமலேயே நிறுத்தி வைத்திருப்பது உண்டு, அதனால் இந்தக் கடிதத்துக்குப் பயன் இருக்கிறது.

வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்புப் பட்டியலில், இருப்பதாகவே சொன்னார்கள் என்றால், ஒரே ஒரு கடிதம். இடம் கிடைத்தால் கண்டிப்பாக வருவேன் என்பது உண்மையாக இருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். உண்மையில்லை என்றால் எழுதாதீர்கள். டிசம்பருக்குப் பிறகு ஏதாவது கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால் சேர்த்துச் சொல்லலாம். வாரம் ஒரு மெயில் அனுப்புவதால் பட்டியல் நகராது. அது நகர்வது ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில், மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லும்போது.

8. ஆஃபர் கடிதத்தை எப்படிப் படிப்பது

சந்தோஷத்தில் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவோம். பணம் பற்றிய பத்தியைப் பேனாவோடு படியுங்கள். ஸ்டைபெண்ட் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? உதாரணமாக 27,000 டாலர் ஒன்பது மாதத்துக்கு என்றால் மாதம் 3,000. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒரு டாலரும் இல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது, அதனால் இந்தக் கோடைகாலக் கேள்வி நமக்கு மற்றவர்களை விடப் பெரியது. எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அதில் எத்தனை ஆண்டு டீச்சிங் அசிஸ்டென்டாக வகுப்பு எடுக்க வேண்டும்? காப்பீட்டுக் கட்டணம் முழுக்க அவர்களா? வெளிநாட்டு மாணவர்களிடம் தனியாக ஏதாவது கட்டணம் பிடிப்பார்களா? வரலாற்று பிஎச்டி ஆறு முதல் எட்டு ஆண்டு இழுக்கும்; ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மார்ச்சில் துறைகள், இடம் கிடைத்தவர்கள் வந்து பார்க்க விசிட் டே வைக்கும். போக முடியாதவர்கள் ஜூமில் சேரலாம். பேராசிரியரை விட அவருடைய இப்போதைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருப்பித் தருகிறார், போன மாணவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், அவர் வேறு பல்கலைக்கழகம் போனால் இங்கே வேறு யார் இருக்கிறார்கள். வரலாற்றுப் பேராசிரியர் வேலைகள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் குறைவு. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிடுகிறது. கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

9. ஏப்ரல் 15

கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி, நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல நமக்கு அவகாசம் உண்டு. மார்ச் 20-க்குள் சொல்லியாக வேண்டும் என்று யாராவது நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தீர்மானத்தைக் குறிப்பிட்டுப் பணிவாக அவகாசம் கேளுங்கள்.

கிழக்குக் கரை நேரம் நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை, ஆனால் அதுவரை இழுக்காதீர்கள். இரண்டு ஆஃபர் இருந்து ஒன்று வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். உங்கள் ஒரு வரிக்காக இன்னோர் ஊரில் ஒருவர் காத்திருப்புப் பட்டியலில் தூங்காமல் இருப்பார்.

ஒப்புக்கொண்ட உடனே, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கான வேலையைத் தொடங்குங்கள். அது வந்ததும் அமெரிக்க அரசின் மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், பிறகு சென்னையிலோ கொழும்பிலோ விசா அப்பாயின்ட்மென்ட். 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புது அப்பாயின்ட்மென்ட் தருவதைச் சில வாரம் நிறுத்தியதில் பலர் தவித்துப்போனார்கள். முன்னால் போனால் நல்லது. பரிந்துரைக் கடிதம் எழுதிய மூவருக்கும் முடிவு எதுவானாலும் சொல்லுங்கள், அவர்களும் காத்திருக்கிறார்கள்.

10. ஒன்றும் வரவில்லை என்றால்

ஏப்ரல் கடைசி வரை ஓய்வெடுங்கள். பிறகு ரைட்டிங் சாம்பிளை, உங்களுக்குப் பரிந்துரை எழுதியவரும் உங்கள் தலைப்பே தெரியாத ஒருவரும் படிக்கக் கொடுங்கள். இரண்டு பேரும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் முறை விண்ணப்பித்து இடம் பெறுகிறவர்கள் நிறைய, அதைக் குறையாக யாரும் பார்ப்பதில்லை. இந்த முறை பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்துப் போட்ட இடங்களைக் குறைத்து, உங்கள் கேள்விக்கு ஆள் இருக்கும் துறைகளை, வரலாறு என்ற பெயர்ப்பலகை இல்லாத தெற்காசியத் துறைகளையும் சேர்த்து, தேடுங்கள். இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான ஜூன் நெட் தேர்வின் அறிவிப்பு ஏப்ரல் வாக்கில் வரும். ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு இங்கேயே ஆய்வைத் தொடங்கலாம். ஆகஸ்டில் பேராசிரியர்களுக்கு எழுத ஆரம்பிக்க வேண்டும், அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்ற கேள்வியை முதல் வரியிலேயே வைத்து.